இருபது மைல் வேகத்து அண்ணனுக்கு

என் உயிரான அண்ணனுக்கு,

கார் நன்றாக இருக்கிறது. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயர்களில் காற்று சரியாக இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறது. முன்கண்ணாடியை ஈரப் பேப்பரால் துடைத்துவிட்டேன். அண்ணியும் சுகம். நானும் உங்கள் மச்சானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் விசாரிக்கிற வரிசையிலேயே சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் போய் ஒரு வருசம் முடிந்துவிட்டது. மாத்தளையில் இப்போது பேக்கரியில் பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. பெற்றோல் விற்கிற விலையில் கார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் நடந்துதான் போகிறார்கள். ரோடெல்லாம் நீங்கள் ஆசைப்பட்ட மாதிரியே காலியாகக் கிடக்கிறது. இதைப் பார்க்காமல் அவசரப்பட்டுப் போய்விட்டீர்களே அண்ணே. வாழ்க்கையில் நீங்கள் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. எங்கே இருந்தாலும் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். உங்கள் காரை இப்போது ஓட்டுகிறது நான்.

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாத யாராவது படித்தால் இதில் என்ன அதிசயம் என்று விழிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன். மாத்தளைக் கடைவீதியில் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிற கடை உங்களுடையது. நாடு சுதந்திரம் அடைந்து சில வருசத்தில், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து பச்சை நிறக் கார் ஒன்றை வாங்கினீர்கள். கடையில் நீங்கள் சாதாரண முதலாளி. சத்தம் போடுவீர்கள், பேரம் பேசுவீர்கள், தராசைப் பார்த்துச் சண்டை பிடிப்பீர்கள். காரில் ஏறி உட்கார்ந்தால் வேறு ஆள். அந்த வேறு ஆளைப் பற்றித்தான் ஊரே கதை சொல்லிச் சிரித்தது.

கார் எடுக்கிற நாளில் நீங்கள் முதலில் குளிப்பீர்கள். அப்புறம் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, டயர் ஒவ்வொன்றையும் காலால் தட்டுவீர்கள். குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். உள்ளே உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பியதும் கண்ணை மூடிக்கொள்வீர்கள். சாமி கும்பிடுகிறீர்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் உள்ளே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உங்களுக்குத் திருப்தியான பிறகுதான் கார் அசையும்.

அசைந்தாலும் என்ன? இருபது மைலுக்கு மேல் முள் ஏறாது. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிப்பீர்கள். அதுவும் யாரோ தூங்குகிறவரை எழுப்பத் தயங்குகிற மாதிரி மெதுவாக ஒரு தடவை. உக்குவளைப் பக்கம் போகும்போது பஸ்காரர்கள் எல்லோரும் நம்மை முந்திக்கொண்டு போவார்கள். ஒருநாள் ஒரு கொண்டக்டர் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டே, "முதலாளி, தள்ளு கரன்னத?" என்று கேட்டான். தள்ளிவிடவா என்று கேட்கிறான் என்பது சிங்களம் தெரியாத குழந்தைக்கும் புரிந்திருக்கும். நீங்கள் கோபப்படவில்லை. வலது கையை வெளியே நீட்டி, தாராளமாக முந்திப் போகலாம் என்று அழகாகச் சைகை காட்டினீர்கள். இன்னொரு நாள் அலுவிகாரைக்குப் பக்கத்தில் நமக்குப் பின்னால் ஒரு மாடு வந்துகொண்டிருந்தது. அதற்கும் அதே சைகையைக் காட்டினீர்கள். மாடு முந்திப் போனது.

காருக்குள் பேசக்கூடாது என்பது சட்டம். "ஓட்டுறப்ப ஓட்டணும், பேசுறப்ப பேசணும்" என்பீர்கள். எங்கள் யாருக்கும் மீறத் தைரியம் வராது. அண்ணி மட்டும் மீறுவார். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருவார், நீங்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போவீர்கள். ஒரு "ம்" கூட உங்கள் வாயிலிருந்து வராது. சில வருசம் பேசிப் பார்த்துவிட்டு அண்ணியும் ஓய்ந்துபோனார். அதற்குப் பிறகு நம் கார் கோயில் மூலஸ்தானம் மாதிரி ஆகிவிட்டது.

என் மூத்தவள் பிறந்த கதையை ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அப்போது நாங்கள் நாலந்தாவில் இருந்தோம். உங்கள் மச்சான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஒருநாள் காலையில் எனக்கு வலி எடுத்தது. ஆள் மூலம் செய்தி கிடைத்து நீங்கள் மாத்தளையிலிருந்து வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வலி நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது. நானும் மாமியாரும் பின் சீட்டில் ஏறினோம், உங்கள் மச்சான் முன்னால் ஏறினார். நீங்கள் இறங்கிக் காரைச் சுற்றி வந்து டயர்களைத் தட்ட ஆரம்பித்தீர்கள். என் மாமியார் ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்த பார்வையில் இன்னொரு மனிதராக இருந்தால் பொசுங்கியிருப்பார்.

மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகவும் அதே இருபது மைல் வேகம்தான். உங்கள் மச்சான் முதலில் கெஞ்சினார், பிறகு அதட்டினார், கடைசியில் அழுதார். நீங்கள் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் போனீர்கள். மாமியாருக்குப் பிரசவம் பார்த்துப் பழக்கம் இருந்தது என் அதிர்ஷ்டம். அலுவிகாரை வருவதற்குள் எல்லாம் முடிந்து, பின் சீட்டில் பிள்ளை வீறிட்டு அழுதது. நீங்கள் திரும்பவில்லை. தலையைக்கூட அசைக்காமல், "யாரது, புதுசா?" என்று கேட்டீர்கள்.

அப்புறம் வலது கையை வெளியே நீட்டி, மேலும் கீழும் அசைத்து, ஒரு குஞ்சுகூட இல்லாத ரோட்டுக்கு நீங்கள் வேகத்தைக் குறைக்கப்போவதாக அறிவித்தீர்கள். ஓரங்கட்டினீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்ததும் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்களே, அந்த அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதுவரை அழுதுகொண்டிருந்த உங்கள் மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. மீதித் தூரத்தை இன்னும் மெதுவாகக் கடந்தீர்கள். ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலில் படுக்கவைத்த பிறகு வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "எங்கயாச்சும் குலுங்குச்சா புள்ள?"

"இல்லண்ணே" என்றேன். உண்மையாகவே இல்லை. அந்த நிலைமையில் உனக்கு எப்படித் தெரியும் என்று ஆண்பிள்ளைகள்தான் கேட்பார்கள். அந்த நிலைமையில்தான் தெரியும்.

உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்த பிரேத வண்டியின் டிரைவர் சின்னப் பையன். அன்றைக்கு அவனுக்கு வேறு ஊரில் இன்னொரு சாவு இருந்ததாம். உங்களை ஏற்றியதும் கியரைக் கறகறவென்று போட்டு, எஞ்சினை உறுமவிட்டான். வாசலில் இரண்டு பெண்கள் பிடித்திருக்க விழுந்து அழுதுகொண்டிருந்த அண்ணி, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுகையை நிறுத்தினார். பிடித்திருந்த கைகளை விலக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே டிரைவரின் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"தம்பி, அவரு இருபதுக்கு மேல போனதே இல்ல. மெதுவா கொண்டு போங்க."

அவன் எஞ்சினை அடக்கினான். நாங்கள் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம்; மற்றதை உங்கள் மச்சான் வந்து சொன்னார். பின்னால் நடந்து போன கிழவர்கள்கூட மூச்சு வாங்காமல் போகிற வேகத்தில் ஓட்டினானாம். சுடுகாட்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒழுங்காகக் கையை நீட்டிச் சைகை காட்டினானாம். உங்களுக்கு நிறைவாக இருந்திருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் கால் வலி என்பார். எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் தலை வலி என்பார். கார் உங்கள் வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. விற்கவும் அண்ணி சம்மதிக்கவில்லை, தொடவும் சம்மதிக்கவில்லை. கடைசியில் உங்கள் மச்சான், ஓடாமல் கிடந்தால் எஞ்சின் கெட்டுப்போகும் என்று சொல்லிச் சாவியை வாங்கினார்.

உங்கள் மச்சானை உங்களுக்குத் தெரியும். வகுப்பில் பேசுகிற மாதிரியேதான் காரிலும் பேசுவார். பேசுகிறபோது கேட்கிறவர் முகத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. உக்குவளைக்குப் போகிற வழியில், பின் சீட்டில் இருந்த எனக்கும் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு முக்கியமான விசயத்தை விளக்குவதற்காக முழுவதுமாகத் திரும்பினார். கார் அமைதியாக ரோட்டைவிட்டு இறங்கி, வயலுக்குள் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். அவ்வளவு முக்கியமாக என்ன சொல்லவந்தார் என்பது இன்றைக்கு வரைக்கும் அவருக்கும் ஞாபகம் இல்லை, எங்களுக்கும் ஞாபகம் இல்லை.

சேறும் நெல்லும் அப்பியபடி காரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அண்ணி வெளியே வந்து பார்த்தார். திட்டுவார் என்று உங்கள் மச்சான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அண்ணி உள்ளே போய் வாளியும் துணியும் கொண்டுவந்து, தானே கழுவ ஆரம்பித்தார். சக்கரத்துக்குள் கையைவிட்டுச் சேற்றை வழித்தார். எல்லாம் முடிந்த பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

"மனோ, இத இனி அவருகிட்ட குடுக்காத. நீ ஓட்டு."

நாற்பது தாண்டிய பொம்பளை நான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனாலும் நீங்கள் போன பிறகு அண்ணி வாயைத் திறந்து கேட்ட முதல் விசயம் அது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

நம் காரைப் பழுது பார்க்கிற சலீம் நானாவிடம் போய் நின்றேன். சொல்லித்தர ஒத்துக்கொண்டார் பாவம். எஞ்சினைக் கிளப்பும்போது "பிஸ்மில்லாஹ்" என்று உரக்கச் சொல்வார். நான் முதல் கியர் போட்ட பிறகு உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. ஒரு கையால் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைத் தன் பக்கத்துத் தரையில் மிதித்துக்கொண்டே இருப்பார். கிளச்சைப் பட்டென்று விட்டு, தவளை மாதிரிக் காரை நான் தாவவைத்த நாட்களில் அவருக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். லைசன் கொடுக்க வந்த ஐயா வேறு மாதிரி. பாதி வழி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நோனா, இது கல்யாண ஊர்வலம் இல்ல" என்றார். இருபதுக்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதன்முதலாகத் தனியாக எடுத்துக்கொண்டு போன நாளைப் பற்றி உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நாலந்தாப் பக்கம் போனேன். புறப்படும்போது தலைக்குள் ஆயிரம் இரைச்சல். மாவு வரிசைக்கு யார் போவது, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா, உங்கள் மச்சான் என்னோடு இன்னும் கோபமா. அலுவிகாரை தாண்டுகிறவரைக்கும் அது எல்லாம் கூடவே வந்தது. பிறகு எந்த இடத்தில் இறங்கிப்போனது என்று தெரியவில்லை.

ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஒரு படி தாழ்கிறதே, அதைக் காது கேட்பதற்கு முன்னால் உள்ளங்கால் கேட்கிறது. கியரை மாற்றச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் லொறி வருகிறது என்பது மரத்தில் பட்டுத் திரும்புகிற சத்தத்தில் தெரிகிறது. பனி ஈரத்தில் ரோடு கறுத்து மினுங்குகிற இடம், காய்ந்து வெளுத்த இடம், மிளகுக் கொடியின் நிழல் விழுந்த இடம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தன்னைக் காட்டிவிட்டுப் போகிறது. எல்லாவற்றையும் பார்க்கிறேன், எதிலும் நிற்கவில்லை. அப்படி ஒரு அமைதியை நான் கோயிலில்கூட அனுபவித்தது கிடையாது, அங்கே பக்கத்தில் யாராவது புடவை விலை கேட்பார்கள். இதைத்தான் இத்தனை வருசமாகத் தனியாக வைத்து அனுபவித்துக்கொண்டிருந்தீர்களா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேசாமல் வருவதைத் தண்டனை என்று நினைத்திருக்க மாட்டோமே.

இப்போது நானும் காரைச் சுற்றி வருகிறேன். கண்ணை மூடி எஞ்சினைக் கேட்கிறேன். தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒன்றில் மட்டும் உங்களோடு எனக்கு அபிப்பிராய பேதம். நாலந்தா தாண்டி ரோடு நேராக இருக்கிற இடத்தில் முப்பது போகலாம் அண்ணே. போனேன். காருக்கும் அது பிடித்திருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வெளியே வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். வெற்றிலைப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் கையில். முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, "எங்கயாச்சும் போ" என்றார். துடைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். ஆனாலும் டயர்களைத் தட்டிவிட்டுத்தான் ஏறினேன்.

கடைவீதி தாண்டியதும் பேச ஆரம்பித்தார். ஒரு வருசமாக அடைத்து வைத்திருந்த பேச்சு. பக்கத்து வீட்டுக் கோழி நம் கீரைப்பாத்தியைக் கிண்டியது, செத்தல் மிளகாய் கிடைக்காமல் மிளகு போட்டே கறி வைப்பது, கொழும்பில் இருக்கிற அண்ணியின் தம்பி மகன் கடிதம் போடாதது, இரவில் கூரைத் தகரம் சுடுவது. நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்று இல்லை அண்ணே. ஓட்டுகிறபோது எனக்கும் பேச்சு வரவில்லை.

அண்ணி சட்டென்று நிறுத்தினார். "நான் பேசுறது ஒனக்காவது கேக்குதா?" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்தபடியே கோழியிலிருந்து தகரம் வரைக்கும் அவர் சொன்னதையெல்லாம் வரிசையாகத் திருப்பிச் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓட்டுகிறவளுக்குக் காது அப்படித் திறந்து கிடக்கிறது. எதிரே வருகிற பஸ்ஸும் கேட்கிறது, பக்கத்தில் இருக்கிறவர் மூச்சும் கேட்கிறது.

அண்ணி வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, அவருக்கும் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும் அண்ணி. ஒண்ணு விடாம கேட்டிருக்கும்."

"அப்ப அந்தத் தையல் மெசினு?"

தையல் மெசின் ஒன்று இருந்தால் நல்லது என்று ஒருநாள் காரில் சொன்னாராம். நீங்கள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சில மாதம் கழித்து ஒரு மெசினைக் கொண்டுவந்து இறக்கி, கடையில் யாரோ விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னீர்களாம். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பழசைத் தன் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று அண்ணி இத்தனை வருசம் மனத்தாங்கலோடு அதில் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குசினிக்குள் புகை தாங்கவில்லை என்று இன்னொரு தடவை சொன்னாராம். அந்த வாரமே மேசன் வந்து சுவரை உடைத்து ஜன்னல் வைத்தான். அவன் வேலையில்லாமல் அலைந்தான், பாவம் என்று கூப்பிட்டதாகச் சொன்னீர்களாம்.

"வாயத் தொறந்து சொன்னா என்னவாம்" என்று அண்ணி வெளியே ஓடுகிற மரங்களைப் பார்த்துக் கேட்டார். அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். என்ன அண்ணே, சொன்னால் என்ன? வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "நீ சொன்னாய், நான் கேட்டேன்" என்று ஒரு வார்த்தை? இருபது வருசம் பக்கத்தில் இருந்தவர் தன் பேச்சு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே நம்பியிருந்திருக்கிறார்.

நாலந்தா நெருங்குகிறபோது அண்ணி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நான் கடல் பாக்கணும்னும் சொன்னேன். திருகோணமலைக்குக் கூட்டிப் போங்கன்னு. அதையும்தானே கேட்டிருப்பாரு?" என்றார்.

மாட்டிக்கொண்டீர்கள். உங்களுக்காக நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கத்துக் காட்டு ரோட்டில் யானை வந்து நிற்கும் என்று யாரோ உங்களிடம் சொன்னார்கள். அன்றிலிருந்து நாலந்தாவுக்கு அப்பால் நீங்கள் கார் எடுத்ததில்லை.

"யானைக்குப் பயமா? அவருக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். கடையில் மூட்டை தூக்குகிற ஆட்களை நடுங்கவைக்கிற மனிதர், வழியில் நிற்காத யானைக்குப் பயந்து பெண்டாட்டியிடம் காது கேட்காதவர் மாதிரி இருந்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து கண் மறைத்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சிரித்தேன். அவ்வளவு ஒழுங்கு எனக்கும் வந்துவிட்டது.

வருகிற பள்ளிக்கூட விடுமுறையில் நாங்கள் இரண்டு பேரும் திருகோணமலைக்குப் போகிறோம். சலீம் நானா பிரேக்கைப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் மச்சான் தானும் வருவேன் என்கிறார். பின் சீட்டில் என்றால் வரட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். யானை நின்றால் அது போகிறவரைக்கும் நிற்போம், எங்களுக்கு என்ன அவசரம்? அண்ணி வழியெல்லாம் பேசட்டும். ஓட்டுகிறபோது நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் கடற்கரையில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கி, அண்ணியின் கையைப் பிடித்து மணலில் உட்காரவைத்து, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். உங்கள் பங்குக்கும் சேர்த்துச் சொல்வேன். இது சத்தியம்.

காரில் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் ஒரே தங்கச்சி,
மனோன்மணி